காம்பவுண்டு சுவருக்கு வந்த மேல்முறையீடு

நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். விதிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த அகலச் சாலையில் எத்தனை மாடி கட்டலாம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அவை எத்தனையோ முறை மாறியும்விட்டன.

நீங்கள் வரைபடத்தைத் திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். நாங்கள் அதை மேசைமேல் விரிப்போம். அது சுருண்டுகொள்ளும். ஒரு மூலையில் டீ கிளாஸ், இன்னொரு மூலையில் ஸ்டாப்ளர், மூன்றாவது மூலையில் யாராவது ஒருவரின் முழங்கை. நீல அச்சுப் பிரதியிலிருந்து அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைவலி வந்தது. இப்போது எங்கேயாவது அந்த நெடி வந்தால் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

அப்போது நான் திருநின்றவூரில் வாடகைக்கு இருந்தேன். காலையில் பஸ் பிடித்துப் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி அலுவலகம் போவேன். எந்த ஊர் நகராட்சி என்று சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாக மாறி, மனைகளில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம்.

எங்கள் நகரமைப்புக் குழு பழைய கட்டடத்தின் மாடியில் கூடும். தலைவரையும் சேர்த்து ஐந்து கவுன்சிலர்கள் உறுப்பினர்கள். ஆணையர் நிராகரித்த மனுக்கள் மேல்முறையீடாக அவர்கள் முன் வரும். மனுதாரரும் ஆட்சேபிப்பவரும் எதிரெதிராக உட்கார்ந்து பேசுவார்கள். நகரமைப்பு ஆய்வாளர் என்ற முறையில் ஒவ்வொரு மனுவுக்கும் குறிப்பு எழுதி, வரைபடத்தைக் காட்டி விளக்குவது என் வேலை. நடுவில் மசால் வடை வரும். வடை வந்த பிறகு எடுக்கப்படும் மனுக்கள் சுலபமாக நிறைவேறும் என்று எங்கள் பிரிவில் ஒரு நம்பிக்கை இருந்தது.

குழுத் தலைவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடிய உருவம், வெள்ளை முழுக்கைச் சட்டை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு கையை உயர்த்தி, இல்லாத விசிலை ஊதுவதுபோல உதட்டைக் குவிப்பார். ஆச்சரியம், எல்லோரும் அடங்கிவிடுவார்கள். எதையும் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும் அவருக்கு. நேர்மையானவர்தான், ஆனால் அரசியல்வாதி. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

ஒரு நாள் ஒரு காம்பவுண்டு சுவர் மேல்முறையீட்டுக்கு வந்தது.

நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்து ஐ.டி. வேலை பார்ப்பவர்கள். அதன் பின்னால் ஒரு பழைய தெரு. ஒரு தலைமுறைக்கு முன்வரை அந்தத் தெருக்காரர்கள் இந்த வயல்களில் கூலி வேலை செய்தார்கள். இப்போது ஆண்கள் லோடு ஆட்டோ ஓட்டினார்கள், பெண்கள் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போக ஒரு குறுக்குப் பாதை. குடியிருப்பின் ஓரமாக, அதற்குச் சொந்தமான நிலத்தின் வழியாகவே போகும். கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே மக்கள் நடந்த தடம் அது.

நிலம் குடியிருப்புக்குச் சொந்தம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பாதையை மூடிச் சுவர் எழுப்பக் குடியிருப்போர் சங்கம் அனுமதி கேட்டது. நெடுங்காலமாக ஊர் நடக்கும் வழி என்று சொல்லி ஆணையர் மறுத்தார். சங்கம் மேல்முறையீடு செய்தது.

சங்கத்தின் செயலாளர் சுகன்யா. கோபிச்செட்டிபாளையத்துப் பெண், முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். பணக்காரத் திமிரில் சுவர் கேட்கிறார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அளக்கப் போனேன். அவள் வீட்டு வாசலில் ஒரு சிறுவன் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பாதையில் பறந்து வந்த பைக் ஒன்று அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது.

“என்ற பையன் மேடம்,” என்றாள். அதுவரை ஆங்கிலம் கலந்து சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “இடிச்சவன் திரும்பிக்கூடப் பார்க்கலீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேனுங்க.”

குழுக் கூட்டத்தன்று காலையில் தலைவர் என் மேசைக்கே வந்தார்.

“மேடம், அந்தச் சுவர் விஷயம். ஃபிளாட்காரங்க என் வார்டு. போன தடவ மொத்தமா எனக்குப் போட்டாங்க. அந்தத் தெரு பக்கத்து வார்டு. புரியுதுல்ல?”

“புரியுது ஐயா.”

“சாதகமா ஒரு குறிப்பு வச்சிடுங்க.”

“குறிப்பு எழுதிட்டேன் ஐயா. ரெண்டு பக்கமும் எழுதியிருக்கேன்.”

“ரெண்டு பக்கமும் எழுதிட்டா நான் இன்னா பண்றது?”

“முடிவு பண்ணுங்க ஐயா. அதுக்குத்தான் உங்களுக்கு அந்த நாற்காலி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் எனக்கு அப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள். இடமாற்றம் வந்தால் என்ன செய்வது என்று அந்தக் கணத்திலேயே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தலைவர் என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு, “பி.டி. வாத்தியாருக்கே டிரில் எடுக்கறீங்க,” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

அன்று கூட்ட அறை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் ஐ.டி. அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே வந்திருந்த குடியிருப்புக்காரர்கள். இன்னொரு பக்கம் தெருக்காரர்கள். தெருவின் சார்பில் பேச வந்தவர் ஏழுமலை. லோடு ஆட்டோ ஓட்டுநர், தெருவுக்குப் பெரிய மனிதர் மாதிரி. சுகன்யா மகனுக்கு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

“இன்னா தலீவரே, செவுரு கட்டிட்டா எங்க பொம்பளைங்கோ எப்டி பஸ்ஸுக்குப் போவாங்கோ? ஹைவேஸ்ல சுத்திகினு போவச் சொல்றீங்களா?”

“அது எங்க நிலம்ங்க. எங்க நிலத்துல நாங்க சுவர் கட்டக்கூடாதா?” என்றார் குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒருவர்.

“உங்க நெலமா? நேத்து வந்துட்டு...”

அதற்குமேல் யார் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை. நாற்காலிகள் தள்ளப்பட்டன. இளைஞன் ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்துவிட்டான். தலைவரின் உயர்த்திய கையை அன்று யாரும் மதிக்கவில்லை. தலைவரைத் தவிர்த்த நான்கு உறுப்பினர்களில் இரண்டு பேர் சுவருக்கு ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லவும் தயாராக இருந்தார். வழக்கம்போலக் கடைசியாக என் பக்கம் திரும்பி, “டெக்னிக்கலா ஏதாவது சொல்லணுமா மேடம்?” என்றார்.

அந்த இடத்தில் ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று சொல்வதுதான் வழக்கம். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். அறை முழுக்கச் சத்தமாக இருக்கும்போது, எல்லோரும் வீட்டுக்குப் போக அவசரப்படும்போதுதான் வரும்.

“இடத்தை நான் அளந்துட்டேன் ஐயா,” என்றேன். “ஆனா அளக்கப் போனது பகல்ல, ஆளே நடக்காத நேரம். ஷிஃப்ட் விடற நேரத்துல அங்க எப்படி இருக்கும்னு இந்த ரூம்ல யாரும் பார்த்ததில்ல. குழு நேர்ல போய்ப் பார்க்கறதுக்கு விதியில இடம் இருக்கு. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

தலைவருக்கு எரிச்சல் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சட்டையைப் பிடித்தவன் இன்னும் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு எந்த முடிவைச் சொன்னாலும் மாடிப்படியில் அடிதடி நடக்கும் என்பது அவருக்கும் புரிந்தது. “ஒத்திவைக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் அங்க வாங்க. கூட்டமா வேணாம், பக்கத்துக்கு ஒருத்தர்,” என்று சொல்லி எழுந்துவிட்டார். அவர் ஞானோதயம் வந்து ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டத்தைக் கலைக்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, நான் அதைக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் நல்ல காரியங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன.

மறுநாள் சாயங்காலம் போனோம். சங்கத்தின் பக்கம் சுகன்யா, தெருவின் பக்கம் ஏழுமலை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். முதலில் குறுக்குப் பாதையில் நடந்தோம். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், பின்னாலிருந்து ஒரு பைக் வந்த வேகத்தில் தலைவரே குடியிருப்புக் கட்டடத்தின் ஓரமாகத் தாவ வேண்டியதாயிற்று. பைக்கில் மூன்று பேர். ஒருவன் சிரித்துக்கொண்டே போனான்.

“பார்த்தீங்களா சார்? இதைத்தானுங்க நான் சொன்னேன்,” என்றாள் சுகன்யா.

வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே தலைவர், “இதுக்குமேல பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல. சுவர் கட்ட வேண்டியதுதான்,” என்றார். முந்தின நாள் எதிர்த்த உறுப்பினர்கள்கூடத் தலையாட்டினார்கள். எனக்கும் அந்த நிமிடத்தில் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் பாதி வேலைதான் ஆகியிருந்தது.

“ஐயா, சுவர் வந்துட்டா அவங்க எந்த வழியா போவாங்களோ அதையும் பார்த்துடலாம்.”

“கார் நிக்குது, வாங்க.”

“அவங்க நடந்துதானே ஐயா போவாங்க.”

அவர் நடக்கத் தொடங்கினார்.

நெடுஞ்சாலையில் அந்த இடத்தில் நடைபாதை கிடையாது. தார் முடியும் இடத்தில் புழுதி, புழுதி முடியும் இடத்தில் பள்ளம். கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது வீசும் காற்றில் புடவையைப் பிடித்துக்கொள்வதா, உடம்பை நிறுத்திக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. பேசினாலும் கேட்டிருக்காது. எனக்கு முன்னால் சுகன்யா, அவளுக்கு முன்னால் ஏழுமலை.

ஓரிடத்தில் ஏழுமலை சட்டென்று சாலையோரத்தை விட்டுக் கீழே பள்ளத்தில் இறங்கினார். சேறும் முள்ளுமான வழியில் கொஞ்ச தூரம் போய் மறுபடி மேலே ஏறினார். அங்கே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. சாலையோரம் மற்ற இடங்களைவிட அகலமாகத்தான் இருந்தது.

“ஏன் அங்க எறங்கினீங்க?” என்று கேட்டேன்.

அவர் நின்றார். எங்களைப் பார்க்காமல் லாரிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்த எடத்துல நான் கால் வெக்கறதில்ல மேடம். எங்க அக்கா அங்கதான் போச்சு.”

குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் குறுக்குப் பாதையைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த அவருடைய அக்கா அம்சா, சுற்றிக்கொண்டு இந்த வழியாக நடந்திருக்கிறாள். பின்னால் வந்த லாரி.

தலைவர் மெதுவாகக் கேட்டார். “ஏம்பா, இதை நேத்து கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் கூவிகினு இருந்தாங்க தலீவரே. எங்க அக்காவ அந்தக் கூச்சல்ல கொண்டாந்து போட எனக்கு மன்சு வர்ல.”

சுகன்யா அங்கேயே நின்றுவிட்டாள். கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். “எனக்குத் தெரியாதுங்கண்ணா,” என்றாள்.

“உனுக்கு எப்டிம்மா தெரியும்? நீ அப்ப இங்க வர்லியே. உன்ன கொற சொல்லல.” அவர் கொஞ்சம் தயங்கினார். “உன் புள்ளைக்கு நடந்ததும் தப்புதான். அவனுங்க எங்க தெரு பசங்கதான். இல்லன்னு சொல்லல. பைக்கு நொழையாத மாதிரி கம்பி நட்டுடுங்க தலீவரே. தெருவுல நான் பேசிக்கறேன்.”

அப்போது எஸ்டேட் பஸ் ஒன்று வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். டிபன் பாக்ஸ் பைகளும் களைத்த முகங்களுமாகக் குறுக்குப் பாதையை நோக்கி நடந்தார்கள். தலைவரை அடையாளம் கண்டு ஒருத்தி கும்பிட்டாள். அவர் திரும்பக் கும்பிட்டார்.

அடுத்த கூட்டத்துக்குள் அவருக்கு என்னென்ன அழைப்புகள் வந்தன என்று எனக்கு முழுதாகத் தெரியாது. கட்சியில் மேலேயிருந்து ஒருவர் பேசியது மட்டும் தெரியும், ஏனென்றால் அப்போது நான் அவர் எதிரில் வரைபடத்தோடு நின்றிருந்தேன். “சரிங்கண்ணே... ஆமாங்கண்ணே... நான் நேர்ல பார்த்தேங்கண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். என்னிடம், “கம்பிக்கு நடுவுல எவ்ளோ இடம் விட்டா தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும், பைக்கு வேகமா போகாது? அதை யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார். நேர்க்கோட்டில் நடாமல் வளைந்து நுழைகிற மாதிரி நட்டால் சரியாக இருக்கும் என்றேன். பேப்பரில் வரைந்து காட்டினேன். அவர் எழுந்து, மேசைக்கும் நாற்காலிக்கும் இடையே அப்படி வளைந்து நடந்து பார்த்துக்கொண்டார்.

மேல்முறையீடு தள்ளுபடி. பாதை திறந்திருக்கும். இரண்டு முனையிலும் கம்பி, நடுவில் விளக்கு, நகராட்சிச் செலவில். மூன்றுக்கு இரண்டு. மூன்றாவது கை அவருடையது.

கைதட்டல் எதுவும் இல்லை. குடியிருப்புக்காரர்களில் பலர் எழுந்து வெளியேறினார்கள். ஒருவர் வாசலில் நின்று, “அடுத்த எலெக்‌ஷன்ல பார்த்துக்கலாம் சார்,” என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். சங்கம் மேலிடத்துக்கு மறுபடி முறையிட்டது. தன் பெயரில் அனுப்ப வேண்டாம் என்று சுகன்யா சொல்லிவிட்டாளாம். அந்த மனு எங்கேயோ கிடந்து ஓய்ந்துபோனது. தெருவிலும் சமாதானம் உடனே வந்துவிடவில்லை. நட்ட கம்பியை யாரோ வளைத்துவிட்டார்கள். ஏழுமலை வெல்டிங் கடைக்காரரைத் தன் வண்டியில் ஏற்றிவந்து நிமிர்த்தினார். கம்பி நடச் சொன்னதற்காக அவருடைய தம்பியே வெகு நாட்கள் அவரோடு பேசவில்லை என்று கேள்வி.

ஒரு முறை சுகன்யாவை அலுவலகத்தில் பார்த்தேன். வேறு வேலையாக வந்திருந்தாள். மகன் ஓடி விளையாடுகிறானாம். “இன்னும் பயமாத்தான் இருக்குதுங்க மேடம். பைக் சத்தம் கேட்டா பால்கனிக்கு ஓடிடறேன். ஆனா அந்த அக்காங்கெல்லாம் நடந்து போறதைப் பார்த்தா, சரி போகட்டும்னு இருக்குதுங்க,” என்றாள்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மனுவில் நீளம் எழுத இடமிருக்கும், அகலம் எழுத இடமிருக்கும். எதற்குப் பயந்து ஒருவர் அந்த மனுவைக் கொடுக்கிறார், எதற்குப் பயந்து இன்னொருவர் ஆட்சேபிக்கிறார் என்று எழுத இடமிருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நீங்கள்தான். கூட்டத்தில் கேட்டால் வராது. கூட நடந்தால் சில சமயம் வரும். உங்கள் குறிப்பில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள், ஆனால் எழுதிவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். முடிவெடுக்கிறவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் நம் வேலைதான்.

அடுத்த தேர்தலில் தலைவர் தோற்றார். பெரிய வித்தியாசமில்லை. குடியிருப்பின் ஓட்டுகள் விழுந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். புதுத் தலைவர் வந்தார், பிறகு இன்னொருவர் வந்தார், பிறகு நானும் ஓய்வு பெற்றேன்.

சில மாதங்களுக்கு முன் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மெட்ரோ தூண்களின் நிழலில் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அதே வெள்ளை முழுக்கைச் சட்டை. கூன் கொஞ்சம் விழுந்திருந்தது. என்னைக் கண்டதும், “அட, டிரில் மேடம்!” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். மசால் வடையும் வாங்கினார். எங்கள் மாடி அறையைப் பற்றி, சுருண்டுகொள்ளும் வரைபடங்களைப் பற்றி, யார் யார் காலமானார்கள் என்பதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டோம். வெகுநேரம் சிரித்தோம்.

பல வருடங்களாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டுவிட்டேன். “ஐயா, அந்தச் சுவர் விஷயத்துல வருத்தம் உண்டா?”

அவர் கிளாஸில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார்.

“தோத்ததுல வருத்தம் இல்லாம இருக்குமா மேடம்? அதுக்கப்புறம் நான் நிக்கவே இல்லியே. அன்னிக்குக் கார்ல போயிருந்தேன்னு வையுங்க, சுவருக்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஜெயிச்சும் இருப்பேன்.” கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினார். “ஆனா நடந்துட்டேனே.”